அடிமண்டி

…இல்லை, இது அந்த வாசனை இல்லை, அதற்கு அடுத்த வீட்டு வாசனை. முந்தாநாள் மூக்கைச் சுளிக்க வைத்த அழுகல் போய்விட்டது, நேற்றைய மோர்ப் புளிப்பும் அடங்கிவிட்டது, இப்போது வாய்த்துணியை விலக்கியதும் முகத்தில் வந்து மோதுகிறதே, இது என்ன, பழுத்து விழுந்த கொய்யாவா, ரயிலடியில் ஜட்கா குதிரை கட்டுகிற இடமா, இரண்டும் சேர்ந்ததா... சேர்ந்ததுதான் என்று வைத்துக்கொண்டாலும் பழைய வாசனையில் இன்னும் ஏதோ ஒன்று இருக்குமே, அது எங்கே போய்த் தொலைந்தது, இன்றைக்குப் பார்த்தா தொலைய வேண்டும்? விக்டோரியா பானைக்குள் முகத்தைக் கவிழ்த்தபடி நின்றாள். கஞ்சியின் மேல் வெள்ளை ஆடை கட்டியிருந்தது, சுருக்கம் சுருக்கமாக, அங்கங்கே குமிழ் தூக்கிக்கொண்டு. ஆடை கட்டினால் நல்லது, அதைக் கிழிக்காதே, அது காவல்... யார் சொன்னது? தானியேல்தான், வேறு யார். குடித்தால் போதை ஏறுகிற இந்தச் சுண்டக்கஞ்சியைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அவள் புருஷன் சொல்லித் தெரிந்ததுதான், அந்தப் புருஷன்தான் எட்டு வருஷம் கழித்து இன்றைக்கு வருகிறான்... வருகிறானா? வியாழக்கிழமை, ரயில்வேயில் லைன் பார்க்கிற பாக்கியநாதன் சைக்கிளை விட்டு இறங்காமல் ஒரு காலை மட்டும் தரையில் ஊன்றிச் சொன்னான், "யக்கா, தானியேல் அண்ணன கூடூர் டேசன்ல பாத்தேன். ஞாயித்துக்கெழம மத்தியான வண்டில வர்றேன்னு உன்கையில சொல்லச் சொன்னாரு." அவ்வளவுதான். ஆள் எப்படி இருக்கிறான், தனியாக வருகிறானா, எதுவும் கேட்கத் தோன்றவில்லை, கடைசியில் வாயிலிருந்து விழுந்தது, "இன்னாத்துக்கு வர்றாராம்?" பாக்கியநாதன் சிரித்துவிட்டு மிதித்துப் போய்விட்டான். சொந்த ஊட்டுக்கு வர்ற புருஷன இன்னாத்துக்குன்னு கேட்ட பொம்பள இவ ஒருத்திதான் என்று லைன் முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பான்.

வந்ததும் முதலில் என்ன கேட்பான், கஞ்சி கீதா என்றுதான் கேட்பான். அரிசி மில்லில் மூட்டை தூக்கிவிட்டு வருகிறவன் செருப்பைக் கழற்றுவதற்கு முன் பானையைத்தானே திறந்து பார்ப்பான்... கஞ்சியைப் புளிக்க வைக்கிற அந்த அடிமண்டி வந்த கதையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. கல்யாணமான புதிது, பழவேற்காட்டில் அவனுக்குச் சினேகிதக்காரர்கள், படகில் போய் அவர்களோடு கஞ்சி குடித்துவிட்டு, பானையின் அடியில் தங்கும் மண்டியை ஒரு சோடா பாட்டிலில் ஊற்றித் தக்கையடித்து பஸ்ஸில் எடுத்து வந்தான், அவளும் கூட வந்தாள். பொன்னேரி தாண்டியதும் பஸ் குலுங்கிய குலுக்கலில் பாட்டிலுக்குள் பொங்கி, டப்பென்று தக்கை பறந்து, முன் சீட்டில் இருந்த அம்மாளின் கொண்டையில் போய் விழுந்தது. பஸ் முழுக்கப் புளித்த நாற்றம். கண்டக்டர் இரண்டு பேரையும் நடுரோட்டில் இறக்கிவிட்டார். தானியேல் பாட்டில் வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு, கைவழியே நுரை ஒழுக ஒழுக, வெயிலில் நடந்தான், "இத்த உட்டா வேற கெடைக்காது தோரியா" என்று. தோரியா... அவளை அப்படிக் கூப்பிட்ட ஒரே ஆள். வீட்டுக்கு வந்து, நொய் அரிசிச் சோற்றையும் முளைகட்டி அரைத்த கேழ்வரகு மாவையும் கரைத்து அந்த மண்டியை ஊற்றி, பானையைத் தட்டிக்கொடுத்துச் சொன்னான், "உள்ள ஒரு காலனியே குடிகீதுடி. ஒத்தன் இனிப்பத் துன்னுவான், ஒத்தன் புளிப்ப உடுவான், சோம்பேறி ஒத்தன் கடைசியா எய்ந்து வந்து வாசனையக் குடுப்பான். அவசரப்பட்டேன்னு வை, அந்தக் கடைசி ஆளு வரவே மாட்டான்." அவள் அவசரப்படவில்லை. அவசரப்படாமல் இருப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

ரயில் சத்தமா... இல்லை, கம்பெனி லாரி. இப்போதெல்லாம் எது ரயில் எது லாரி என்று தெரிவதில்லை, கும்மிடிப்பூண்டியே ஒரே சத்தமாகிவிட்டது, வேர்க்கடலை போட்ட நிலத்திலெல்லாம் சுற்றுச்சுவர், உள்ளே புகைபோக்கி. மில்லை மூடிய அன்று இந்தக் கம்பெனிகளில் ஒன்றாவது இருந்திருந்தால் அவன் போயிருக்கவே மாட்டானோ? விசாகப்பட்டினத்தில் துறைமுக வேலை, மூணே மாசம், கையில டப்பு சேந்ததும் வந்துர்றேன் என்றான். படி இறங்கிப் போனவன் திரும்பி வந்து, "மண்டிய மட்டும் காய உட்டுறாதே" என்றான். அவளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை... சொல்லவில்லையா, அல்லது அதுதான் சொன்னதா? அப்படித்தான் அவள் எடுத்துக்கொண்டாள். மண்டி காயவில்லை. வாரம் தவறாமல் கஞ்சியை வடித்து அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டு, அடியில் தங்குவதன் மேல் புதுச் சோற்றைப் போட்டாள். தனக்கு உலை வைக்காத நாளிலும் பானைக்கு ஒரு பிடி வைத்தாள். ஆனால் குடித்ததில்லை. புளிப்பு பார்க்க விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்ததோடு சரி, குடிப்பது அவனுடைய வேலை. முதலில் எப்போதாவது ஒரு தகவல் வந்தது, பிறகு அதுவும் நின்றது. ஒருவன் செத்துவிட்டான் என்றான், ஒருவன் தெலுங்குக்காரி ஒருத்தியோடு பார்த்தேன் என்றான். அன்றைக்கும் அவள் பானைக்குச் சோறு போட்டாள்.

சரி, இது அவன் கொண்டுவந்த மண்டிதானா என்று கேட்டால்... கேட்க மாட்டான். கேட்டால் என்ன சொல்வது? மதுவிலக்கு கடுமையாக இருந்த வருஷம் போலீஸ்காரர்கள் காலனிக்குள் புகுந்து ஒரு வீடு விடாமல் பானையை உடைத்தார்கள், வாசலெல்லாம் வெள்ளையாக ஓடியது, நாய்கள் நக்கின. அவள் ஓடுகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுததைப் பார்த்து எதிர் வீட்டுச் சந்திரகலா, "செத்தா கூட இப்பிடி அழ மாட்டே போலகீதே, வா இங்க" என்று இழுத்துப்போய், மாட்டுத் தொட்டிக்குள் வைக்கோல் போட்டு மறைத்து வைத்திருந்த தன் பானையைக் காட்டினாள். "உன்கிட்ட வாங்கினதுதானேடி. எட்த்துக்கினு போ." ஒரு கிண்ணம் மண்டி. அது சந்திரகலாவின் வீட்டில், சந்திரகலாவின் கையில், சந்திரகலாவின் மாட்டுக்கொட்டகைக் காற்றில் வருஷக்கணக்காக இருந்த மண்டி. காத்துல இருந்துதான் அதுங்க வருது என்று தானியேலே சொல்வானே, இப்போது காற்றில் என்னென்னவோ வருகிறது, இரும்புக் கம்பெனிப் புகை, தகரம் உருக்கும் வாடை, டப்பா கம்பெனியில் தகரம் வெட்டிவிட்டு வந்து சோறு பிசைகிற அவளுடைய கை... பானைக்குள் குடியிருக்கிற காலனியில் பழைய குடித்தனக்காரன் ஒருத்தனாவது மிஞ்சியிருப்பானா? பேர் மட்டும்தான் அவனுடையதோ? சீ, என்ன யோசனை இது, வருகிற நாளில்.

பானையைச் சரித்துத் துணியில் வடிகட்டினாள். காரப்பொடி மீன் வறுத்து வைத்தாயிற்று, பச்சைமிளகாய் கீறி வைத்தாயிற்று, தலையில் கனகாம்பரம்... அது வேண்டுமா? சந்திரகலா கேலி செய்வாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். சாராயக் கடைகளை மறுபடியும் மூடப்போகிறார்களாம், அதனால் அவன் பானைக் கஞ்சிக்குத்தான் வந்து நிற்பான், வேறெங்கே போவான்... என்று நினைத்துக்கொண்டே திரும்பினால் வாசலில் ஒருவர் நிற்கிறார். வெள்ளை முழுக்கைச் சட்டை, கழுத்துப் பித்தான் வரை போட்டு, கையில் துணிப்பை. கம்பெனிக்கு ஆள் எடுக்க வந்தவர் என்றுதான் முதலில் நினைத்தாள். கன்னம் ஒட்டி, முடி பாதி போய், ஆனால் அந்தக் காது மட்டும், மூட்டை உரசி உரசி மடங்கிய இடது காது...

"விக்டோரியா" என்றான். ஞானஸ்நானப் பேரைப் பாதிரியார் வாசிப்பது போல, முழுசாக.

"வாய்யா" என்றாள். இத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த பேச்செல்லாம் எங்கே போயிற்று? "வண்டி லேட்டா? நாஷ்டா துன்னியா?" அவன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான், சொம்பு வாங்கி முகம் கழுவினான், பாயில் உட்கார்ந்து கண்ணை மூடி முணுமுணுத்தான், ஏதோ தெலுங்கு ஜெபம். பிறகு அவளைப் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினான். அங்கே சாராயம் பிடித்துக்கொண்டது, வேலை போனது, ரோட்டில் கிடந்தான், வயிறு வீங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சபைக்காரர்கள்தான் கஞ்சித் தண்ணி கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள். "பொம்பள கிம்பள ஒண்ணும் கெடையாது. குடிதான். எந்த மொகத்த வெச்சிக்கினு வர்றதுன்னு கெடந்துட்டேன். இப்ப இங்கியே எதுனா கம்பெனில சேந்துக்கினு இர்ந்துடலாம்னு வந்துகிறேன். நீ சரின்னா."

நீ சரின்னா... இதைக் கேட்கத்தானே எட்டு வருஷம், கேட்டும் விட்டாள், பிறகு ஏன் கை தன்பாட்டுக்குத் தம்ளரை எடுத்துக் கஞ்சியை ஊற்றுகிறது, உப்புப் போட்டுக் கலக்குகிறது, அவன் முன்னால் கொண்டு வைக்கிறது? வைத்த பிறகுதான் என்ன செய்தோம் என்று தெரிந்தது. அவன் தம்ளரைப் பார்த்தான். மூக்கு லேசாக விரிந்தது. கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான், சூடுபட்ட பிள்ளை மாதிரி.

"வோணாம் விக்டோரியா. ஒரு வாய் உள்ள போச்சின்னா திரும்பியும் அந்தப் பழைய ஆளாய்டுவேன்."

பழைய ஆள். அந்தப் பழைய ஆளுக்குத்தானே இந்தச் சோறு, இந்தப் பானை, இந்தப் பூ... அந்தப் பழையவன் வரவே கூடாதென்று கர்த்தரிடம் கேட்டுக்கொண்டு ஓர் ஆள் வந்து உட்கார்ந்திருக்கிறான், நல்லவன், தெளிந்த கண், பொய் சொல்லவில்லை, இவனை வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு என்ன வாய் இருக்கிறது? குடித்துச் சாவதைவிட இது எவ்வளவோ மேல் என்று ஊரே சொல்லும், அவளும்தான் சொல்வாள், ஆனால் கட்டைவிரலில் நுரை ஒழுக வெயிலில் சிரித்துக்கொண்டு நடந்தவனைக் கொன்றது யார், சாராயமா, சபையா, இவனா? "பானைய ஊத்திடட்டுமா?" என்றாள். குரல் தனக்கே அந்நியமாக இருந்தது. அவன் வேண்டாமென்று தலையாட்டினான், "அத்த இன்னாத்துக்கு ஊத்தற. உன்து அது. நீ வெச்சிக்க. எனுக்குத்தான் வோணாம்." உன்து. அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். அவனுடையது என்றல்லவா அவள் இத்தனை நாளும் காத்தாள். ஊற்றச் சொல்லியிருந்தால் அழுதுகொண்டாவது ஊற்றியிருக்கலாம், ஏதோ ஒன்று முடிந்திருக்கும்.

தம்ளர் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது. ஈ வந்து விளிம்பில் உட்கார்ந்தது, ஓட்டினாள், மறுபடி வந்தது. எவ்வளவு நேரம்தான் ஓட்டுவது? எடுத்தாள், குடித்தாள், விரல் நுனி இல்லை, ஒரு வாய், பிறகு இன்னொரு வாய், நின்று, மூச்சு விட்டு, மிச்சம் முழுக்க. வந்ததிலிருந்து முதல் தடவையாக அவன் அவள் முகத்தை நேராகப் பார்த்து, ரகசியம் கேட்பவன் போலக் கேட்டான்.

"எப்பிடிக்கீது?"

எப்படியிருக்கிறது... வந்தவன் அவளை எப்பிடிக்கீற என்று கேட்கவில்லை, கேட்டிருந்தால் ஏதோ இருக்கிறேன் என்று சொல்லி முடித்திருப்பாள். இதற்கு அப்படிச் சொல்ல முடியவில்லை. "மொதல்ல புளிப்பு" என்றாள், "பல்லு கூசற மாதிரி. அப்பறம் அது தெரியல, நாக்குல ஊசி குத்தற மாதிரி சின்னதா பொரிது. உள்ள எறங்கறப்போ ஒரு பழ வாசன வருது, கொய்யா மாதிரி, ஆனா கொய்யா இல்ல..." அவன் கண்ணை மூடிக்கொண்டான். தொண்டைக்குழி ஏறி இறங்கியது. அவள் சொல்லிக்கொண்டே போனாள், அடியில் மாட்டுக்கொட்டகை வாடை ஒன்று இருக்கிறது, அது சந்திரகலா வீட்டிலிருந்து வந்தது, போலீஸ் உடைத்த கதை உனக்குத் தெரியாதே, கடைசியில் ஒரு கசப்பு இருக்கிறது, அது எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை, என் கைத் தகரமாக இருக்கலாம்... இவ்வளவு பேச்சை அவனிடம் எந்தக் காலத்தில் பேசினாள்? அந்த நாளில் அவன் குடிப்பான், அவள் பார்ப்பாள், அவ்வளவுதானே. பேசப் பேச, எதிரே மூடிய கண்ணோடு அவன் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பார்க்க, ஒன்று மட்டும் புரியாமல் உறுத்தியது. இவனுக்காகத்தான் நெஞ்சு ஏங்கியதென்றால் இந்நேரம் அது அடங்கியிருக்க வேண்டுமே, ஆள் கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருக்கிறான், ஏக்கமோ ஓர் இம்மியும் குறையாமல் அப்படியே கிடக்கிறதே, அப்படியானால் இத்தனை நாளும் அது யாரை... பேச்சு நின்றுவிட்டது அவளுக்கே தெரியவில்லை.

"அப்பறம்?" என்றான் தானியேல், கண்ணைத் திறக்காமல்.