ஏழாம் அத்தியாயப் பொறுப்பாளர்

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் நூற்றுப் பதினெட்டுப் பேர். 'மேப்பிள் நிழல் வாசகர் வட்டம்' என்று பெயர். விதிமுறைகளை எழுதியவர் செல்வரட்ணம் அண்ணை. றிச்மண்ட் ஹில்லில் இருக்கிறார், ஓய்வு பெற்றவர், விடிந்ததும் பூப் படத்துடன் வணக்கம் போடுகிறவர். அரசியல் கூடாது, சமயம் கூடாது, வீடு விற்கிற விளம்பரம் கூடாது. வாசிக்காமல் கருத்துச் சொல்லக் கூடாது என்று மட்டும் அவர் எழுதவில்லை. எழுதியிருந்தால் குழுவில் பூப் படம் மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

நான் விட்பியில் கட்டுகிற புது வீடுகளுக்கு ட்ரைவோல், அதாவது உட்சுவருக்கான சுண்ணப் பலகை, அடிக்கிறவன். மத்தியானம் அரை மணித்தியாலம் என் வேலை வான் வண்டிக்குள் இருந்து ஒரு கையால் சாப்பிட்டபடி மற்றக் கையில் புத்தகம் பிடிப்பேன். பதினான்கு வயதில் மீன்பிடி வள்ளத்தில் ஏறிய காலத்திலிருந்து எனக்கு வாசிக்கக் கிடைத்ததெல்லாம் இப்படியான அரை மணித்தியாலங்கள்தான். என் புத்தகங்கள் எல்லாவற்றிலும் வெள்ளைத் தூசு படிந்திருக்கும்.

"கிளிபோட் அண்ணை, புத்தகத்துக்குப் பவுடர் பூசியோ வாசிக்கிறனீங்கள்?" என்று ஜனார்த்தன் ஒருமுறை குழுவில் கேட்டான்.

ஜனார்த்தனுக்கு வங்கியில் கணினி வேலை. கிழமைக்கு மூன்று புத்தகம் பரிந்துரைப்பான். அட்டைப் படமும் பக்கத்தில் ஒரு கோப்பிக் கோப்பையும். 'கட்டாயம் வாசிக்கவேணும், என்ர வாழ்க்கையையே மாத்தின புத்தகம்' என்று கீழே ஒரு வரி.

"தம்பி, இந்த மாசம் மட்டும் உன்ர வாழ்க்கை ஒன்பது தரம் மாறியிட்டுது. களைக்கேல்லையோ?" என்று நான் எழுதினேன்.

"அண்ணை, கோப்பி குடிக்கிறன்தானே. தாங்கும்."

"அந்தக் கோப்பியும் ஒன்பது படத்திலையும் அதே அளவிலதான் நிக்குது. அதையாவது குடி."

சிரிப்பு முகங்கள் இருபது விழுந்தன. செல்வரட்ணம் அண்ணை இருவரையும் கண்டித்து இன்னொரு பூப் போட்டார்.

இப்படிப்பட்ட சபைக்குள்தான் தவமணி அக்காவின் நாவல் வந்து விழுந்தது. அக்கா முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறார். காலையும் மாலையும் பஸ்ஸில் இருந்து, போனில் பெருவிரலால் குத்திக் குத்தி நான்கு வருடம் எழுதியது. 'பெல்ட் நிற்கவில்லை' என்று பெயர். இந்த ஊருக்கு வந்த புதிதில் அவர் பிஸ்கட் தொழிற்சாலையில் நின்ற காலத்தைப் பற்றியது. சென்னையில் அச்சடித்து, ஸ்காபரோவில் மண்டபம் எடுத்து வெளியீடு வைத்தார். எங்கள் வெளியீடுகளின் முறை தெரியும்தானே. பெயர் கூப்பிட மேடைக்கு ஏறி, புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துப் படமெடுத்து, இறங்கி நேரே ரோல்ஸ் வைத்திருக்கும் மேசைக்குப் போவோம். புத்தகம் காரின் பின் இருக்கையில் பனிக்காலம் முடியும்வரை பயணம் செய்யும்.

செல்வரட்ணம் அண்ணை இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். நாவலில் பன்னிரண்டு அத்தியாயம். சீட்டுக் குலுக்கிப் பன்னிரண்டு பேருக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். தமக்கு விழுந்த அத்தியாயத்தைப் பற்றி ஒவ்வொருவரும் ஐந்து வரி எழுதவேண்டும். 'அத்தியாயப் பொறுப்பாளர்' என்று பட்டமும் தந்தார். ஒரு புத்தகத்தைப் பன்னிரண்டு பேர் சேர்ந்து வாசிக்காமல் விடுவதற்கு இதைவிட ஒழுங்கான திட்டம் கிடையாது. எட்டாம் அத்தியாயம் எனக்கு விழுந்தது. ஏழாவது கிளடிஸ் அக்காவுக்கு.

கிளடிஸ் அக்கா ரெக்ஸ்டேலில் இருக்கிறார். அன்று மாலையே எழுதிவிட்டார்: 'ஏழாம் அத்தியாயம் என்னை உலுக்கிவிட்டது. வாசித்து முடிக்கையில் கண்கள் குளமாயின. இதை எழுத எவ்வளவு மனத்துணிவு வேண்டும்! தவமணி அக்காவுக்கு என்றும் என் அன்பு.' எழுபத்து நான்கு இதயங்கள் விழுந்தன. தவமணி அக்கா பதிலாகக் கைகூப்பும் படம் ஒன்றை மட்டும் போட்டார்.

நான் மூன்று கிழமை பிந்தி, ஒரு செவ்வாய்க்கிழமை ஏழுக்கு வந்து சேர்ந்தேன். தொண்ணூற்றாறாம் பக்கத்தில் ஆறு முடிகிறது. புரட்டினால் வெள்ளை. முதலில் என் தூசு என்றுதான் தட்டினேன். தட்டியும் போகவில்லை. பதினாறு பக்கம், ஒரு எழுத்தில்லை. அதன்பிறகு நூற்றுப் பதின்மூன்று, எட்டாம் அத்தியாயம்.

குழுவில் கேட்டேன்: "என்ர புத்தகத்தில ஏழாம் அத்தியாயம் முழுக்க வெள்ளையாக் கிடக்கு. மற்றவையின்ரை எப்பிடி?"

"என்னுடையது நன்றாக இருக்கிறது," என்றார் செல்வரட்ணம் அண்ணை.

"எனக்கும் ஓகே அண்ணை. ஏழு வேற லெவல்," என்றான் ஜனார்த்தன்.

இன்னும் பதினொரு பேருக்கும் ஓகே. என் ஒருவனுக்கு மட்டும் சென்னையில் வெள்ளைத்தாள் வைத்துக் கட்டியிருக்கிறார்கள் என்று நம்பத் தொடங்கும்போது தவமணி அக்கா எனக்குப் போன் எடுத்தார்.

"தம்பி கிளிபோட், உது உண்மையோ?"

"உங்கட வீட்டில பெட்டி கிடக்குத்தானே. ஒண்டைத் திறந்து பாருங்கோவன்."

பெட்டி கிழிபடுகிற சத்தம் கேட்டது. ஒரு புத்தகம், இரண்டு, மூன்று.

"எல்லாம் வெள்ளை," என்றார்.

"புத்தகம் வந்து இறங்கேக்க நீங்கள் பாக்கேல்லையோ?"

"அட்டையைப் பாத்தன். பின்னுக்கு என்ர படத்தைப் பாத்தன். உள்ளுக்குக் கிடக்கிறது நான் எழுதினதுதானே எண்டு விட்டிட்டன்."

எழுதியவரே வாசிக்காத புத்தகத்தை வாசிக்காததற்குக் குழுவைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சரி, அச்சுப் பிழைதானே, திருத்தி அடிக்கலாம் என்றேன். அப்போதுதான் அவர் அழத் தொடங்கினார்.

"உமக்கு விளங்கேல்லைத் தம்பி. அந்த ஏழில இருக்கிறது கிளடிஸ்தான். பேரை மட்டும் மாத்தினனான்."

தொண்ணூற்றாறாம் ஆண்டு இருவரும் ஒரே தொழிற்சாலை. கிளடிஸுக்கு அப்போது வேலை செய்ய அனுமதி வரவில்லை. மச்சாளின் பெயரிலும் அரசாங்க வேலை இலக்கத்திலும் வேலை செய்திருக்கிறார். பகல் வேலைக்கு ஓரிடம் காலியானது. அது கிளடிஸுக்குக் கிடைக்கப் போகிறது என்று தெரிந்ததும் தவமணி அக்கா மேற்பார்வையாளரிடம் போய் அந்த மச்சாள் கதையைச் சொல்லிவிட்டார். கிளடிஸை அன்றைக்கே வெளியே விட்டார்கள். சொன்னது யாரென்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. கோயில் திருவிழா, கலியாணவீடு, எங்கே கண்டாலும் 'அக்கா' என்று வந்து கையைப் பிடிப்பாராம்.

"வாசிச்சுப்போட்டு அன்பு எண்டு எழுதியிருந்தாளே தம்பி. என்னை மன்னிச்சிட்டாள் எண்டுதானே நினைச்சனான். மூண்டு கிழமையா நல்ல நித்திரை. வாற சனிக்கிழமை அவளின்ர வீட்டை வாறன் எண்டும் சொல்லிப்போட்டன். நேரில காலில விழுந்து கேக்கத்தான்."

"வெள்ளைத்தாளை வாசிச்சு மன்னிச்சிருக்கிறா அக்கா."

"அப்ப நான் என்ன செய்யிறது?"

"என்னைக் கேட்டால்?"

"நீர் குழுவில இனி ஒண்டும் சொல்லாமல் இருந்தால் இது இப்பிடியே போயிடும்," என்றார். பிறகு அவரே, "என்ன, போயிடுந்தானே?" என்றார்.

"நான் சொல்லமாட்டன். ஆனா சனிக்கிழமை அங்க போய் நிண்டு என்ன கதைப்பியள்? அவ தேத்தண்ணி ஊத்தித் தருவா. குடிச்சிட்டு வருவியள். பிறகு நித்திரை வருமோ எண்டு உங்களுக்குத்தான் தெரியும்."

அக்கா போனை வைத்துவிட்டார். வானால் இறங்கி, கட்டுகிற வீட்டின் மேல்மாடிக்குப் போய் மிச்சப் பலகைகளை அடித்தேன். சுவரில் நேராக ஆணி அடிப்பது எவ்வளவோ சுகம்.

புதன்கிழமை மத்தியானம் குழுவில் ஒரு கோப்பு விழுந்தது. 'விடுபட்ட பக்கங்கள், 97 முதல் 112 வரை. எல்லாரும் வாசிக்கவும். கிளடிஸ் கட்டாயம் வாசிக்கவும். தவமணி.' நாற்பது செக்கன் ஆகியிருக்காது. செல்வரட்ணம் அண்ணை கைதட்டினார். ஜனார்த்தன், "முதல் வாசிச்சதைவிட இப்ப இன்னும் ஆழமாக் கிடக்கு அக்கா" என்றான். அவனுக்குக் கூச்சம் என்ற உறுப்பைக் கடவுள் வைக்க மறந்துவிட்டார்.

நான் வானுக்குள் இருந்து அதை வாசித்தேன். சோறு ஆறிப்போனது. சொல்லியே ஆகவேண்டும், முழு நாவலிலும் அந்தப் பதினாறு பக்கந்தான் நாவல்.

கிளடிஸ் அக்காவிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. வியாழனும் இல்லை. வெள்ளி மத்தியானம் எழுதினார். இந்த முறை கண்கள் குளமாகவில்லை:

'தவமணி, வாசிச்சனான். மூண்டு தரம். முதல் எழுதினதை ஒருத்தரும் கணக்கில எடுக்காதேங்கோ, அது வாசிக்காமல் எழுதினது. நான் அண்டைக்கு நிண்டது நீங்கள் எழுதினமாதிரி பிஸ்கட் சுடுற அடுப்படியில இல்லை, பெட்டி மடிக்கிற இடத்தில. அந்த மேற்பார்வையாளன் என்னைக் கையுறை கழட்டக்கூட விடேல்லை. அதோடதான் பஸ் ஏறினனான். அது உங்கட கதையில இல்லை. நீங்கள் உள்ளுக்கை நிண்டிருப்பியள், கண்டிருக்கமாட்டியள். சனிக்கிழமை வரவேண்டாம்.'

ஐந்து வரிதான் எழுதச் சொன்னது. செல்வரட்ணம் அண்ணை அதைப் பொருட்படுத்தாமல், 'காத்திரமான விமர்சனம், வாழ்த்துகள்' என்று போட்டார். அதற்கு நாற்பது இதயங்கள்.

பின்னேரம் வேலை முடித்து வானை எடுக்கும்போது தவமணி அக்கா போன் எடுத்தார். பஸ்ஸுக்குள் இருக்கிறார் போல, தரிப்பிடங்களின் பெயர் கேட்டுக்கொண்டிருந்தது.

"பாத்தனீரோ?"

"பாத்தனான். வரவேண்டாம் எண்டால் வரவேண்டாந்தான் அக்கா. போகாதேங்கோ."

"ஓம். போகேல்லை." மூக்கை உறிஞ்சினார். "பெட்டி மடிக்கிற இடந்தான் தம்பி. அவள் சொல்லுறது சரி. நான் பிழையா எழுதிப்போட்டன். இப்பத்தான் போனில திருத்தினனான்."

"எல்லாத்தையுமோ?"

"இடத்தைத் திருத்திட்டன். அந்தக் கையுறையைத்தான்... நாலு தரம் எழுதி அழிச்சுப்போட்டன். வசனம் வருகுதில்லை."