நசுங்காத எலுமிச்சம்பழம்

ஆயுத பூஜை நெருங்கிவிட்டால் பெங்களூரை ஒட்டிய பொம்மசந்திராவில் கழுவுவதும் துடைப்பதும்தான் வேலை. சிந்துவின் தொழிற்சாலையில் தகடு அழுத்தும் பெரிய பிரஸ்ஸைக் காலையிலேயே குளிப்பாட்டி, பொட்டிட்டு, மாலை போட்டு மாப்பிள்ளை மாதிரி நிறுத்திவிட்டார்கள். மாடியில் உட்கார்ந்து அந்த பிரஸ்ஸுக்குப் புரோகிராம் எழுதும் சிந்துவுக்கு மட்டும் இன்னும் வேலை பாக்கி இருந்தது.

புரோகிராமைப் படித்துத் தப்பு கண்டுபிடிக்கும் டூல் ஒன்றை நிறுவ வேண்டும். அது சரி என்று சொன்ன பிறகுதான் புதுப் புரோகிராம் பிரஸ்ஸுக்குள் போகலாம் என்பது மேனேஜர் வெங்கடராமனின் உத்தரவு. பட்டன், படம் எதுவும் இல்லாத டூல். கறுப்புத் திரையில் கட்டளை அடித்தால்தான் அசையும். முதலில் இறக்கிய பதிப்பு ஒத்துவராமல் முரண்டு பிடித்தது. அதை நீக்கிவிட்டு வேறொன்றை நிறுவினாள். செட்டிங்ஸ் ஃபைலை மட்டும் பக்கத்து நாற்காலி ராம்கியின் முந்தைய புராஜெக்டிலிருந்து எடுத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டில் உறைமோர் வாங்குவது போல, அந்த ஆபீஸில் எல்லோரும் அப்படித்தான்.

டூலை ஓட்டினாள். தப்பு: பூஜ்யம்.

"ஸீரோவா! கலக்கிட்ட சிந்து!" என்று ராம்கி பென்டிரைவோடு கீழே ஓடினான்.

சந்தோஷப்பட வேண்டியவள்தான். ஆனால் மனசு அரித்தது. பல வருஷமாகப் பல பேர் கைவைத்த புரோகிராமில் ஒரு தப்புகூடவா இருக்காது? போகட்டும், நேற்று தான் எழுதியதிலேயே ஒன்றாவது இருக்குமே! எந்தெந்த ஃபைலைப் படித்தாய் என்று டூலையே கேட்க ஒரு கட்டளை உண்டு. அடித்துப் பார்த்தாள். பட்டியலில் 'ஓல்ட்' என்ற ஃபோல்டரே இல்லை.

அந்த ஃபோல்டர் பெயரில்தான் பழசு. புதுசு எழுதி முடித்ததும் தூக்கிப் போடலாம் என்று யாரோ ஒரு காலத்தில் வைத்த பெயர். புதுசு வரவே இல்லை. பிரஸ் இன்றைக்கும் அதை நம்பித்தான் ஓடுகிறது. ராம்கியின் புராஜெக்டில் 'ஓல்ட்' நிஜமாகவே குப்பை என்பதால், அதைப் படிக்காதே என்று செட்டிங்ஸில் ஒரு வரி எழுதியிருந்தான். உறைமோரோடு அந்த வரியும் வந்துவிட்டது.

வரியை அழித்து மறுபடி ஓட்டினாள். எச்சரிக்கைகள் மளமளவென்று கொட்டின. சிவப்பில் ஒன்று, பிரஸ்ஸின் கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் சென்சார் பற்றியது. அந்த இடத்தைத் திறந்து படித்தாள். சென்சார் பதில் சொல்லாவிட்டால், புரோகிராம் பேசாமல் பழைய பதிலையே எடுத்துக்கொள்ளும். பழைய பதில், 'கதவு மூடியிருக்கிறது'. காலையில் அந்தக் கதவுப் பக்கம்தான் தண்ணீர் ஊற்றித் தேய்த்தார்கள்.

கீழே மேளம் கேட்டது. பூஜை முடிந்ததும் பிரஸ்ஸில் எலுமிச்சம்பழம் நசுக்குவது அங்கே வழக்கம். மூத்த ஆபரேட்டர் முனியப்பன் கையை உள்ளே விட்டுப் பழத்தை வைப்பார். மறுபக்கம் நின்று வெங்கடராமன் பட்டனை அழுத்துவார். அவருக்கு இவர் கை தெரியாது. கதவு மூடாமல் பிரஸ் இறங்காது என்ற தைரியம்தான். தினமும் ஆபீஸ் பஸ்ஸில் சிந்துவுக்கு ஜன்னலோர சீட்டில் துண்டு போட்டு வைப்பவர் முனியப்பன். ஃபோன் செய்யவும் வழியில்லை. கீழே எல்லோர் ஃபோனும் லாக்கரில் இருக்கும்.

ஓடினாள். ஒரு செருப்பு மாடிப்படியிலேயே நின்றுவிட்டது.

"நில்லிசி! நில்லிசி! அண்ணா, கைய எடுங்க! சார், பட்டன தொடாதீங்க!" கன்னடமும் தமிழுமாகக் கத்தினாள். மேளம் நின்றது. முனியப்பனின் கை மணிக்கட்டு வரை உள்ளே இருந்தது. கதவு திறந்து கிடக்க, சிவப்பாக எரிய வேண்டிய விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். முனியப்பன் மெதுவாகக் கையை வெளியே எடுத்தார். வெங்கடராமன் தன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

மெயினை அணைத்துப் பார்த்தபோது, காலையில் தேய்த்த தேய்ப்பில் சென்சார் ஒயர் கழன்று தொங்கியது.

"ஏம்மா, மேல இருந்த உனக்கு எப்டிம்மா தெரிஞ்சுது?" என்று கேட்டார் முனியப்பன்.

"ஒரு டூல்ணா. புரோகிராமைப் படிச்சு தப்பு சொல்லும். அதையே நான் மொதல்ல சரியா படிக்க வுடல."

"அப்பால வுட்டியே, அது போதும். எங்க கீது அது? எடுத்தா."

ராம்கி ஓடிப்போய் லேப்டாப்பை எடுத்து வந்தான். கறுப்புத் திரையில் அந்தச் சிவப்பு வரி அப்படியே நின்றது. முனியப்பன் அதைப் படிக்க முயலவில்லை. சந்தனக் கிண்ணத்தில் கையை முழுசாகத் தோய்த்து, லேப்டாப்பின் மூடியில் அழுத்தமாக ஒரு கையச்சுப் பதித்தார். பிரஸ்ஸுக்கு வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை அதன் பக்கத்தில் வைத்தார்.

"இந்த வருசம் பூஜை இதுக்குத்தாம்மா," என்றார்.

சிந்துவுக்குக் கண் நிறைந்து வழிந்தது. அந்த டூலை எழுதிய, முகம் தெரியாத யாரோ ஒருவருக்கு மனசுக்குள் நன்றி சொன்னாள். லேப்டாப்பை அவள் இன்றுவரை துடைக்கவில்லை. மூடியில் ஐந்து விரலும் இருக்கின்றன.