தையல்கடை மாடியில் ஓர் அறிவியல் மன்றம்

திருச்செங்கோட்டில் மன்றம், சங்கம், கிளப் எதற்குமே ஆள் போவதில்லை. குரல்தான் போகும். ஞாயிற்றுக்கிழமை காலையில் குரலை அனுப்பிவிட்டு, உடம்பு வீட்டில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். குழம்பில் உப்பு குறைந்தால் கையால் காட்டிவிடுவார்கள். இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது, கட்டாயம் கிடைக்கும். ஆனால் அதற்கு முன்னால் பரஞ்சோதிக்கு ஒரு மன்றம் கிடைத்தாக வேண்டும்.

பரஞ்சோதி தூத்துக்குடிக்காரர். இன்சூரன்ஸ் ஆபீஸ் மாற்றலில் இங்கே வந்தவர். சாப்பிட்டு முடித்ததும் மொட்டை மாடிக்குப் போய், ரேடியோவை எந்த நிலையமும் இல்லாத இடத்தில் வைத்துவிட்டுக் காத்திருப்பார். வெறும் இரைச்சல்தான் கேட்கும். எங்கேயோ ஓர் எரிகல் விழும். அதன் தடத்தில் பட்டுத் திரும்பி, எட்டாத தூரத்து நிலையம் ஒன்று ஒரு நொடி கேட்கும். பிறகு பழையபடி இரைச்சல். இதை ஒருமுறை மனைவியிடம் சொன்னார். காய் நறுக்கியபடியே, "என்ன பாட்டு?" என்று கேட்டாள் அவள். அதற்குப் பிறகு அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல ஓர் இடம் வேண்டும். அவருக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

போனில் 'அருகில் உள்ள அறிவியல் மன்றம்' என்று தேடினார். அது அவரைக் கோழித்தீவனக் கடைக்குக் கூட்டிப்போனது. டீக்கடையில் விசாரித்தார்.

"பஜனைக்கு இருக்குதுங்க, செஸ்ஸுக்கு இருக்குதுங்க. சயின்ஸுக்குக் குரல் அனுப்புற ஆளு இங்க யாருங்க?" என்றார் டீக்கடைக்காரர்.

பக்கத்துத் தையல்கடையில் சட்டைக்குக் காஜா தைத்துக்கொண்டிருந்த ஜீவிதா, தையல்காரரின் மகள், பிளஸ் ஒன் படிப்பவள், தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

அடுத்த ஞாயிறு தையல்கடை மாடியில் ஒரு பலகை தொங்கியது. அறிவியல் தொழில்நுட்ப மன்றம், புதியவர்கள் வரலாம்.

பரஞ்சோதியின் குரலுக்குத் தனியாகப் போய்ப் பழக்கமில்லை. அதனால் உடம்பையும் கூட்டிக்கொண்டு போனார். மாடியில் நான்கு நாற்காலிகள். மூன்றில் குரல்கள் இருந்தன. முதலாவது தலைவர், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், வாயைத் திறக்குமுன் ஒரு செருமல். அடுத்தது பல் டாக்டர் சகுந்தலா, எதையும் "வலிக்காது" என்றுதான் ஆரம்பிப்பார். மூன்றாவது போர்வெல்காரர். அவர் உடம்பு வண்டியோடு மத்தியப் பிரதேசத்தில் துளை போட்டுக்கொண்டிருந்தது. குரல் மட்டும் ஞாயிறு தவறாமல் வந்துவிடும். ஜீவிதா டீயும் வடையும் வைத்துவிட்டு வாசலுக்கு வெளியே மாடிப்படியில் உட்கார்ந்துகொள்வாள். அவள் டீ குடிக்கும்போது மன்றமும் கொஞ்சம் ஓய்வெடுக்கும்.

தலைவர் செருமினார். "புதுசா வந்தவங்க நாலாவது ஞாயிறுக்குள்ள எந்திரிச்சுப் பேசிடணும் சார். இல்லைன்னா நாற்காலியை எடுத்துருவோம். கீழ கடைக்கே நாற்காலி பத்தலை."

பரஞ்சோதிக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. ஆளில்லாத நாற்காலிகள் முன்னாலும் வராது என்பது இங்கே வந்துதான் தெரிந்தது. படி ஏறும்போது முழுப் பேச்சையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஏறுவார். அருமையாக வரும். உள்ளே நுழைந்ததும் டீயைக் குடித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். இப்படியே மூன்று ஞாயிறு போயிற்று.

"ஆயிரம் அடி போயும் தண்ணி வரலீங்க. இன்னொரு வாரம் தோண்டிப் பாப்போம்," என்றார் போர்வெல்காரர், மூக்கை உறிஞ்சியபடி. அன்றைக்கு மூன்று குரலுக்கும் ஜலதோஷம். சீசன் அப்படி என்று பரஞ்சோதி நினைத்துக்கொண்டார். சிரிப்பு இன்னும் வரவில்லை. அவசரப்பட வேண்டாம்.

கடைசியில், நாலாவது ஞாயிறு அவர் பேச்சு வந்துவிட்டது. மொட்டை மாடி, ரேடியோ, இரைச்சல், எரிகல், ஒரு நொடி. எங்கும் தடங்கல் இல்லை. நடுவில் கோழித்தீவனக் கடையை வைத்து ஒரு ஜோக்கும் வந்து விழுந்தது. இவ்வளவு சுலபம் என்று தெரியாமல் இத்தனை வருஷம் போய்விட்டதே என்று வருத்தப்பட்டபடி, வடையை எடுத்துக் கடித்தார். சூடாக இருந்தது. மென்றார். பேச்சு எரிகல்லின் வேகத்துக்கு வந்திருந்தது. இன்னொரு வாய் கடித்தார். பேச்சு நிற்கவில்லை.

பரஞ்சோதி மெல்வதை நிறுத்தினார்.

வாசல் பக்கம் பார்த்தார். ஜீவிதா முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். பேச்சில் அவர் மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் அவள் தோள் ஏறி இறங்கியது. பலகை, டீ, ஜலதோஷம், படியில் அவர் சொல்லிப் பார்த்த பேச்சு ஒவ்வொன்றும் மெதுவாக அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தன. மன்றத்தின் குரல்கள் அத்தனையும் அந்த ஒரு தொண்டையிலிருந்துதான் வந்துகொண்டிருந்தன. வடையை விழுங்கிவிட்டு மிச்சப் பேச்சையும் கேட்டார். நன்றாகத்தான் இருந்தது.

பேச்சு முடிந்ததும் தலைவர் செருமினார். "முதல்முதலா ஒண்ணு கேட்டிருப்பீங்களே சார், அது என்ன பாட்டு?"

வீட்டில் கேட்ட அதே கேள்விதான். ஆனால் இப்போது கேட்டவருக்குப் பதில் தெரிந்தாக வேண்டியிருந்தது. பரஞ்சோதியின் குரல் பதில் சொல்லவில்லை. படி ஏறும்போது இதை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஜீவிதா திரும்பி அவரைப் பார்த்தாள்.

பரஞ்சோதி வாயைத் திறந்தார். அவருடைய குரல் படியில் இருந்தது. அதனால் அந்த நேரத்தில் சும்மா இருந்த குரல்தான் வந்தது.

"வலிக்காது," என்றார் பல் டாக்டர் சகுந்தலா, பரஞ்சோதியின் வாயிலிருந்து. "பாட்டு இல்லைங்க. யாரோ ஒரு அம்மா சிரிச்சாங்க. அவ்வளவுதான்."

"எப்படிச் சிரிச்சாங்க டாக்டர்?" என்று படியிலிருந்து பரஞ்சோதியின் குரல் கேட்டது.

டாக்டர் சிரித்துக் காட்டினார். ஒரு நொடி. பிறகு பரஞ்சோதியின் வாயிலிருந்து பழையபடி இரைச்சல் வந்தது.

நாற்காலி இருக்கட்டும் என்றார் தலைவர். அடுத்த எரிகல் விழும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள்.