எதிர்க்கட்சி வக்கீல்

குடியிருப்பின் பின்பக்கத்துக் காலி இடத்தில் கட்டடக்காரர் திடீரென்று அஸ்திவாரம் தோண்ட ஆரம்பித்தார். எல்லோருக்கும் பொது என்று அந்த இடத்தைக் காட்டித்தான் அவர் வீடுகளையே விற்றிருந்தார். வழக்குப் போடுவதென்று முடிவாகி, சங்கச் செயலாளர் ஒரு பெண் வக்கீலைக் கூட்டத்துக்கு அழைத்து வந்தார்.

அங்கே வீடு வாங்கியிருந்தவர்களில் ஒருத்தியான, கடைசி வரிசையில் இருந்த தையல்காரிக்கு அந்த முகத்தைப் பார்த்ததும் உடம்பெல்லாம் எரிந்தது.

செயலாளர் வக்கீலின் பெருமையை அவிழ்த்துவிட்டார். சட்டப் படிப்பில் தங்கப் பதக்கம், சொத்துச் சட்டத்தில் மேல்படிப்பு, நிலம், வீடு தவிர வேறு வழக்கைத் தொடாதவர், பெரிய பெரிய கட்டட நிறுவனங்களுக்கே ஆலோசகர்.

தையல்காரி எழுந்தாள்.

"ஒண்ணை விட்டுட்டீங்க. என் கடையைக் காலி பண்ணி, மெஷினையெல்லாம் நடுத்தெருவுல போட வச்சவங்களும் இவங்கதான்."

வக்கீல் அசரவில்லை. கடை உரிமையாளருக்காக வாதாடியது உண்மைதான் என்றாள்.

"உங்க வக்கீல் வாடகை ஒப்பந்தத்தை ஒழுங்கா படிச்சிருந்தா நான் தோத்திருப்பேன். அவர் படிக்கல."

தையல்காரிக்குக் கன்னத்தில் அறைந்தது போலிருந்தது. சட்டம் தன் பக்கம் இல்லை என்று இத்தனை வருடம் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

"அப்போ தெரிஞ்சேதான் வாயை மூடிட்டு இருந்தீங்க."

"எதிர்க்கட்சிக்குச் சொல்லிக்குடுக்கறது என் வேலை இல்லம்மா."

வேறு வக்கீலைப் பார்க்கலாமே என்று யாரோ முனகினார்கள். கட்டடக்காரரை எதிர்க்கத் துணிந்தவர் இவர் ஒருவர்தான் என்று செயலாளர் கையைப் பிசைந்தார். எல்லா வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட்டால்தான் வழக்கை எடுப்பேன் என்று வக்கீல் கறாராகச் சொல்லிவிட்டாள். அத்தனை முகங்களும் பின்னால் திரும்பின.

புதுச் சுவர் எழும்பினால் முதலில் இருண்டுபோவது தையல்காரி மெஷின் போட்டிருக்கும் ஜன்னல்தான். அவள் முன்னால் போய், தாள் கிழியுமளவுக்கு அழுத்திக் கையெழுத்துப் போட்டாள்.

"கேஸை ஜெயிச்சுக் குடுங்க. ஆனா என் வீட்டு வாசல்ல மட்டும் கால் வைக்காதீங்க."

"அவசியமில்ல. கோர்ட்டுக்கு நேரத்துக்கு வந்துடுங்க, போதும்."

முதல் விசாரணையிலேயே தடை உத்தரவு கிடைத்தது. நீதிமன்றப் படிக்கட்டில் எல்லோரும் வக்கீலைச் சூழ்ந்துகொண்டு கைகுலுக்கினார்கள். தையல்காரி விலகிப்போய் பஸ் நிறுத்தத்தில் தனியாக நின்றாள். ஜெயித்தது நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த நிம்மதி வக்கீலின் கையிலிருந்து வந்ததைத்தான் அவள் மனம் ஏற்கவில்லை.