தேசிய மையத்துக்கு எப்படிப் போவது?

1

இந்தக் கதை ஓர் ஆண்டறிக்கையின் நான்காவது பத்தியாகப் பிறந்தது. 'இவ்வாண்டு மையத்தில் நடைபெற்ற கூட்டு ஆய்வுகள்' என்ற தலைப்புக்குக் கீழே வாய் தவறி, அதாவது கை தவறி, உண்மையை எழுதிவிட்டேன். பதிவாளர் அலுவலகம் அதைத் திருப்பி அனுப்பியது. ஓரத்தில் யாரோ பென்சிலால், 'கேட்டது அறிக்கை, கதை அல்ல' என்று எழுதியிருந்தார்கள். திட்டுவதற்காகத்தான் எழுதியிருப்பார்கள். நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். பல்கலைக்கழகத்தில் நெடுநாள் குப்பை கொட்டினால், பாராட்டை எங்கே கிடைத்தாலும் பொறுக்கிக்கொள்ளப் பழகிவிடும்.

கதை என்றே சொல்லிவிட்ட பிறகு கதையாகவே எழுதிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

'மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலையில், அந்த இளம் ஆய்வாளர் தன் ஒலிப்பதிவுக் கருவியை மார்போடு அணைத்தபடி'

அன்றைக்கு மழை இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. அடித்துவிட்டேன்.

'அறிவுத்துறைகளுக்கு இடையிலான எல்லைகள் தகர்ந்துவரும் இன்றைய சூழலில்'

இதை என் கணவர் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். அவர் பிஸியோதெரபிஸ்ட். பிடித்துக்கொண்ட கழுத்துகளோடும் விலகிய முட்டிகளோடும் பேசிப் பழகியவர்.

"இது கதையா, டெண்டர் நோட்டீஸா?"

"ஆரம்பம்தானே. போகப் போகச் சூடு பிடிக்கும்."

"என்கிட்ட வர்றவங்க யாரும் இப்படி ஆரம்பிக்கிறதில்ல. நேரா வலிக்கிற இடத்தத் தொட்டுக் காட்டுவாங்க. நீயும் அத முதல்ல காட்டு."

சரி. வலிக்கிற இடம் இது: நான் எட்டு வருடம் ஒரு தேசிய ஆய்வு மையத்தின் இயக்குநராக இருந்தேன். அத்தனை காலத்தில் அங்கே நடந்த ஒரே உண்மையான கூட்டு ஆய்வு, என்னைப் பதவியிலிருந்து தூக்கச் சொல்லி இரண்டு பேர் சேர்ந்து எழுதிய மனு.

2

(வாசகருக்கு இடம் தெரிய வேண்டும். இந்தப் பகுதியைத் தாண்டிப் போனாலும் கதை ஓடிவிடாது.)

மையத்தின் முழுப்பெயர் பண்பாட்டு ஆய்வுகளுக்கான தேசியப் பல்துறை ஆராய்ச்சி மையம். பெயர்ப்பலகை எங்கள் கதவைவிட அகலம். கீழ்த்தளத்தில் விளையாட்டுச் சாமான் கிடங்கு இருந்ததால், பண்பாடு எப்போதும் லேசாக ரப்பர் நாற்றம் அடிக்கும். மேலே ஒரு தாழ்வாரம், அதில் மூன்று அறைகள். இரு முனைகளிலும் ஒவ்வோர் ஆய்வாளர், நடுவில் நான். மத்தளம் மாதிரி என்று அப்போது தோன்றவில்லை.

பண்பாட்டு ஆய்வு என்றால் என்ன என்று பலர் கேட்பார்கள். "ஆண்டு விழாவுக்கு டான்ஸ் ஆட ஆள் கிடைக்குமா?" என்று தொலைபேசியில் கேட்டவர்களும் உண்டு. நான் பொறுமையாக விளக்குவேன். விளக்கி முடிக்கும்போது எனக்கே அது புரிந்த மாதிரி இருக்கும்.

நான் வரலாற்றுக்காரி. செத்தவர்களோடு வேலை செய்து பழகியவள். அவர்கள் மனுப் போடமாட்டார்கள்.

3

தாழ்வாரத்தின் கிழக்கு முனையில் இருந்தவள் மொழியியல் படித்தவள். யார் பேசினாலும் சொல்லைக் கேட்காமல் சொல்லின் விளிம்பைக் கேட்பாள். அதனால் அவளுக்குக் 'காது' என்று பெயர். மேற்கு முனையில் இருந்தவர் புவியியல்காரர். நாற்காலி போடச் சொன்னால்கூட "வடக்குப் பாத்தா, தெற்குப் பாத்தா?" என்பார். அவர் 'திசை'. இரண்டு பெயரும் நான் வைத்ததுதான். கதையில் இனி இப்படியே வருவார்கள்.

இருவருக்கும் ஒரே ஆய்வு: ஊருக்குள் மனிதர்கள் எப்படி வழி கேட்கிறார்கள், எப்படி வழி சொல்கிறார்கள். காது தெருத்தெருவாகப் போய் முன்பின் தெரியாதவர்களிடம் வழி கேட்டுப் பதிவு செய்வாள். அந்த வழியில் நடந்தால் எங்கே போய்ச் சேருகிறோம் என்று திசை வரைபடத்தில் குறிப்பார். நல்ல யோசனை. ஏன் நல்ல யோசனை என்றால், என்னுடையது இல்லை.

பாதி வேலை முடிந்தபோது சண்டை வந்தது. தவறான இடத்துக்குக் கொண்டுபோய் விட்ட பதிவுகளையெல்லாம் திசை தனியே பிரித்து, 'பிழை' என்று பெயரிட்டு ஆய்விலிருந்து நீக்கிவிட்டார்.

காது என் அறைக்குள் வந்து நின்றாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன.

(அவள் இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டாள். "நான் அழல மேடம். எனக்கு டஸ்ட் அலர்ஜி. உங்க ரூமைப் பெருக்கி எத்தனை நாளாச்சு?" என்றாள். ஆகவே, கண்கள் கலங்கவில்லை. கதையில் நான் கொண்டுவர முயன்ற ஒரே கண்ணீர் இப்படித் தூசியாகப் போயிற்று.)

"தப்பான வழி சொன்னவங்களும் மனுஷங்கதானே மேடம்? அவங்க ஏன் அப்படிச் சொன்னாங்கன்னு பாக்க வேணாமா? அதத் தூக்கிக் குப்பைல போட்டா அப்புறம் நான் எதுக்கு?"

மேற்கு முனைக்குப் போனேன்.

"மேடம், ரயில்வே ஸ்டேஷனுக்கு வழி கேட்டா சுடுகாட்டுக்கு அனுப்பி விடுறான்," என்றார் திசை. "அதையும் வழின்னு மேப்ல போடச் சொல்றீங்களா? நாளைக்கு நாலு பேரு என்னப் பாத்துச் சிரிப்பான்."

இரண்டு பேரும் சொன்னது எனக்குச் சரியாகப் பட்டது. நல்ல இயக்குநர் ஒருத்தி இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, அடித்துக்கொள்ளட்டும் என்று விட்டிருப்பாள். நான் ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணும் பரம்பரையில் வந்தவள். எனக்கு இரண்டே பொய் போதுமாக இருந்தது.

காதிடம், "அவரு ரொம்ப வருத்தப்படறாரும்மா. வெளிய சொல்லிக்க மாட்டேங்கிறாரு. சரியாயிடும், நான் பேசிட்டேன்," என்றேன்.

திசையிடம், "அவ மனசு மாறிட்டா சார். உங்க கட்சிதான் சரின்னு தோணுதாம். சரியாயிடும், நான் பேசிட்டேன்," என்றேன்.

பிறகு அறைக்குத் திரும்பி, துறைகளுக்கு இடையிலான உரையாடலின் அவசியம் பற்றி ஒரு கட்டுரை எழுதத் தொடங்கினேன்.

4

பொய் உடைந்தது தாழ்வாரத்தில், தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில். என் கதவு திறந்திருந்தது.

"பரவால்லைங்க," என்றது திசையின் குரல். "மனசு மாறுறது ஒண்ணும் தப்பில்ல. மேடம் சொன்னாங்க."

"என் மனசா? நீங்கதான் வருத்தப்படறீங்கன்னு மேடம் சொன்னாங்க."

"நானா? நான் எதுக்கு வருத்தப்படணும்?"

தண்ணீர் விழும் சத்தம் நிற்கவில்லை. தம்ளர் நிரம்பி வழிந்திருக்க வேண்டும்.

"சரியாயிடும்னாங்களா?" என்றாள் காது.

"ஆமா. பேசிட்டேன்னாங்க."

"எங்கிட்டயும் அதேதான். அதே இழுவையோட."

இந்த இடத்தில் நான் எழுந்து வெளியே போனேன் என்று ஒரு வடிவத்தில் எழுதியிருந்தேன். அதில் கம்பீரமாக மன்னிப்பும் கேட்டேன். நன்றாகத்தான் வந்திருந்தது. நடந்தது என்னவோ, கதவை ஓசைப்படாமல் சாத்திவிட்டு, தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு யாருமில்லாத எதிர்முனையிடம் "ஆமா, ஆமா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

5

துணைவேந்தர் என்னை அழைத்து மனுவை நீட்டினார். சண்டை என்றால் ஜுரம் வந்துவிடுகிற நல்ல மனிதர் அவர்.

"மேடம், இத நான் ஃபைல்ல போட்டா நம்பர் விழும். நம்பர் விழுந்தா விசாரணை. நீங்களே பேசி முடிச்சுக்குங்க."

"பேசினதாலதான் சார் இது வந்துச்சு."

"அடுத்த வாரம் மதிப்பீட்டுக் குழு வருது, ஞாபகம் இருக்கா? கூட்டு ஆய்வுன்னு ஒண்ணாவது காட்டணும். இல்லன்னா உங்க மையத்த டூரிசம் டிபார்ட்மெண்ட்டோட சேர்த்துருவாங்க. அந்தப் பசங்க ரெண்டு பேரும் கான்ட்ராக்ட். முதல்ல போறது அவங்கதான்."

மனுவை வீட்டுக்குக் கொண்டுவந்து படித்தேன். அதை மனு என்பது அநியாயம். முதல் பக்கத்தில் எங்கள் தாழ்வாரத்தின் வரைபடம். கிழக்கு அறைக்கும் மேற்கு அறைக்கும் இடையே நான் நடந்த தடங்கள் அம்புக்குறிகளாக. ஒவ்வோர் அம்பிலும் நான் சொன்ன சொற்கள், இழுவை, இருமல், மூச்சு எல்லாம் குறியீட்டோடு. அதற்குப் பக்கத்தில் தெருவில் வழி சொன்னவர்களின் பதிவுகள். திசை தூக்கி எறிந்த அதே 'பிழை'கள்.

அவர்கள் கண்டுபிடித்தது இதுதான். வழி தெரிந்தவர் தடுமாறுவார்: 'அந்தக் கடைக்கு அப்புறம்... இல்ல, இருங்க, அதுக்கு முன்னாடி ஒரு சந்து வரும்...' தெரியாதவர் தடுமாறமாட்டார்: 'நேரா போங்க, வந்துரும்.' தெரியாது என்று சொல்ல வாய் வராதவர்களே ஆக உறுதியாக வழி சொல்கிறார்கள். கெட்ட எண்ணத்தால் அல்ல. கேட்டவரை வெறுங்கையோடு அனுப்ப மனசில்லாமல். இதற்கு அவர்கள் கொடுத்திருந்த முதன்மைச் சான்று, நான். 'சரியாயிடும், நான் பேசிட்டேன்' என்பது 'நேரா போங்க, வந்துரும்' என்பதன் நிர்வாக வடிவம் என்று எழுதியிருந்தார்கள்.

கணவர் வாங்கிப் படித்தார். இரண்டாம் பக்கத்தில் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"நல்லா எழுதியிருக்காங்க," என்றார் மெதுவாக.

"எட்டு வருஷமா இதைத்தான் எதிர்பார்த்தேன். இப்படி ஒண்ணு வராதா, வராதான்னு."

"வந்துருச்சுல்ல?"

"வந்துருச்சு."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. (இதற்குத் தூசி காரணமில்லை. எங்கள் வீட்டை அவர் தினமும் பெருக்குகிறார்.)

6

கதாசிரியைக்கு இங்கே மூன்று வழிகள் இருந்தன. மனுவைக் கிழித்துப் போடலாம். குழுவுக்கு முன்னால் என் கட்டுரையை வாசித்துச் சமாளிக்கலாம். மூன்றாவது, மனுவையே கூட்டு ஆய்வு என்று காட்டலாம். மூன்றாவதை எடுத்தேன். தியாகம் என்று அவசரப்பட்டு நினைக்காதீர்கள். 'இயக்குநர்' என்று வந்த இடத்திலெல்லாம் 'ஒரு நிர்வாகி' என்று மாற்றி, தாழ்வாரத்தை வேறு கட்டடமாக்கி ஒரு நகல் எடுத்துக்கொண்டேன்.

அனுமதி கேட்க இருவரையும் என் அறைக்கு அழைத்தேன். முதல் முறையாகச் சேர்ந்து வந்தார்கள். நகலைப் புரட்டினார்கள்.

"இது முடியாது மேடம்," என்றார் திசை.

"ஏன் சார்? உங்க வேலையத்தானே காட்டுறேன்."

"தரவ மாத்தியிருக்கீங்க. இந்தக் கட்டடமே இல்ல."

"நிர்வாகின்னு போட்டா கதை ஆயிடுது," என்றாள் காது. "நீங்கன்னு போட்டாத்தான் ஆய்வு."

"என் மானம் போகுமேம்மா."

அவள் தடுமாறினாள். "அது... எனக்கு... எப்படிச் சொல்றதுன்னு தெரியல மேடம்."

அவர்கள் கண்டுபிடிப்பின்படி, அன்றைக்கு அந்த அறையில் வழி தெரிந்தவள் அவள்தான்.

அடுத்த வாரம் வந்த மதிப்பீட்டுக் குழுவின் தலைவி ஓய்வுபெற்ற பொருளாதாரப் பேராசிரியை. மூலப் பிரதியைத்தான் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நிதானமாகப் படித்தார். ஓரிடத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"இந்த இயக்குநர் யாரு?"

"நான்தாங்க."

"தெரிஞ்சேவா இதக் குடுத்தீங்க?"

"தெரிஞ்சேதான். உங்ககிட்ட நான் வேற என்ன சொன்னாலும் உறுதியா சொல்லியிருப்பேன். நம்பாதீங்க. அவங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டுக் கேளுங்க."

காதும் திசையும் உள்ளே போனார்கள். நான் தாழ்வாரத்தில் நின்றேன். கீழே கிடங்கில் யாரோ பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

7

மையம் பிழைத்தது. மூன்றாண்டு நீட்டிப்பு, 'புதிய தலைமையின் கீழ்'. அந்த மூன்று சொற்களையும் குழு மிக மரியாதையாக எழுதியிருந்தது. காதும் திசையும் இணை இயக்குநர்கள். நான் வரலாற்றுத் துறைக்குத் திரும்பிவிட்டேன். செத்தவர்கள் என்னை அன்போடு வரவேற்றார்கள்.

எழுதி முடித்தபோது கணவர் கேட்டார்: "இதோட முடிச்சுட்டியா? ஒப்புக்கு ஒட்டவெச்ச மாதிரி இருக்கே."

முடியவில்லை. நேற்று காது கூப்பிட்டாள். ஆய்வின் இரண்டாம் கட்டம் தொடங்குகிறார்களாம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லக் கற்றுக்கொண்டவர்களைப் பேட்டி எடுக்கப்போகிறார்களாம். "முதல் ஆளா நீங்க வரணும் மேடம். தெரியலன்னா தெரியலன்னே சொல்லுங்க." பதில் சொல்ல வாயெடுத்தேன். 'கண்டிப்பா வர்றேம்மா' என்று உறுதியாக வரப் பார்த்தது. விழுங்கிவிட்டு ஃபோனை வைத்தேன்.

ஒரு முடிவில் நான் போகிறேன். அவர்கள் எழுந்து நின்று வரவேற்கிறார்கள். கொஞ்சம் சர்க்கரை அதிகம். இன்னொன்றில் போகவில்லை, 'வரலாறு அவளை'... வேண்டாம், அந்த வாக்கியம் எங்கே போகும் என்று எனக்கே தெரிகிறது. மூன்றாவதில் நான் அந்த மாடிப்படியில் ஏறி, எட்டு வருடம் தட்டாமல் நுழைந்த கதவுக்கு முன்னால் நின்று, தட்டுவதற்குக் கையை

இந்தக் கையை என்ன செய்வது என்று நீங்களே சொல்லுங்கள். எனக்குத் தெரியவில்லை. உள்ளே இரண்டு பேர் சண்டை போடும் சத்தம் மட்டும் கேட்கிறது. போடட்டும். ஒரே அறையில் இருந்துதான் போடுகிறார்கள்.