இருபத்தொன்பதாவது கீறல்

எங்கள் அருங்காட்சியக இயக்குநருக்கு நாங்கள் வைத்த பெயர் பௌர்ணமி. தலையில் ஒரு முடி கிடையாது. பேச்சிலும் நிலாவைத் தவிர வேறொன்றும் கிடையாது. பழம்பொருள்களைச் சுத்தம் செய்வது என் வேலை. மதியம் ஒன்றானால் இருவரும் என் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவோம். நாள் முழுக்க என்னிடம் யாராவது பேசுவது அந்த அரைமணி நேரம்தான்.

அவர் பேச்செல்லாம் ஒரு எலும்புத் துண்டைப் பற்றித்தான். ஒரு பெண் தெய்வத்தின் களிமண் சிலையோடு மண்ணுக்குள் கிடைத்தது. அதில் வரிசையாக இருபத்தொன்பது கீறல்கள். எழுத்து பிறப்பதற்கு முன்பே யாரோ நிலாவைப் பார்த்து நாள் எண்ணியிருக்கிறார்கள் என்பார். நிலாதான் அந்தத் தெய்வம்; பிறையில் அவள் சிறுமி, முழுநிலவில் தாய், தேய்கையில் கிழவி. கடைசிக் கீறல் மட்டும் மெலிதாக, சற்றுத் தள்ளி இருக்கும்.

"அன்னிக்கு வானத்துல அவ இல்ல. துணையைப் பறிகொடுத்துட்டு இருட்டுல தனியா உக்காந்திருக்கா. அந்தத் துக்கத்தைத்தான் இவ்வளவு மெல்லிசா கீறி வச்சிருக்காங்க."

சொல்லும்போது அவருக்குக் குரல் கம்மும். நான் தலையாட்டியபடி சாப்பிடுவேன். அந்த ஒரு கீறலை வைத்தே பதினோரு வருடம் ஊர் ஊராகப் பேசிவிட்டார். இருபத்தொன்பது இருந்தால்தான் அது நிலாக் கணக்கு. ஒன்று குறைந்தாலும் வெறும் கீறல்.

அடுத்த வாரம் அந்த எலும்புக்கென்றே தனிக்கூடம் திறப்பதாக இருந்தது. அதற்காகப் புதிய நுண்ணோக்கி ஒன்று வாங்கினார்கள். வைத்துப் பார்த்தேன். இருபத்தெட்டுக் கீறல்களின் அடியில் பழைய மண் இறுகிக் கிடந்தது. கடைசிக் கீறலில் மண்ணே இல்லை. கத்தி வழுக்கிய தடம். அந்தக் கத்தி என்னுடையது.

அவர் இங்கே சேர்வதற்கு ஒரு மாதம் முன்பு அந்த எலும்பைச் சுத்தம் செய்தவள் நான். என் கணவர் இறந்து அன்று மூன்றாம் நாள். கை நடுங்கியது நினைவிருக்கிறது, வழுக்கியது நினைவில்லை. 'சேதம் எதுவும் இல்லை' என்று பதிவேட்டில் கையெழுத்து வேறு போட்டிருக்கிறேன்.

பேசாமல் இருந்திருக்கலாம், ஒரு ஈ காக்கைக்கும் தெரிந்திருக்காது. சொன்னால் வேலை போகும். அதைவிட, ஒரு மணிக்கு எதிரே உட்கார ஆள் இருக்காது. இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு அவர் பேச்சைக் கேட்டேன். கடைசியில் அவரைக் கூப்பிட்டு நுண்ணோக்கி முன்னால் உட்காரவைத்தேன்.

வெகுநேரம் பார்த்தார்.

"இது எப்ப ஆச்சு?"

தேதியைச் சொன்னேன். கை ஏன் நடுங்கியது என்பதையும் சொன்னேன்.

"மூணாம் நாளே எதுக்கு வந்தீங்க? வீட்ல யாரும் இல்லையா?"

"இல்ல சார். அதனாலதான் வந்தேன்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"கூடத்துப் பலகையில இருபத்தெட்டுன்னு மாத்தச் சொல்றேன். நிலாவையும் எடுத்துரச் சொல்றேன்," என்றார். அவ்வளவுதான். எழுந்து கதவு வரை போனவர் அங்கேயே நின்றார்.

"பதினோரு வருஷமா அந்தக் கீறலோட துக்கத்தைப் பத்தி உங்களுக்கே பாடம் எடுத்திருக்கேன். ஒரு நாளாவது உங்க வீட்டுக்காரரைப் பத்திக் கேட்டேனா?"

"நீங்க கேக்கல சார்."

எனக்கு அவர்மேல் இவ்வளவு கோபம் இருந்தது அதைச் சொன்னபோதுதான் தெரிந்தது.

திரும்பி வந்து எதிரே உட்கார்ந்தார். "அவர் பேரு என்ன?"

சொன்னேன். அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பதினோரு வருடம் ஆகியிருந்தது.