தரம்: சுமார்

நார் வாரியத்தில் எனக்கு 'சுமார் சார்' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் கூப்பிட்டதில்லை. முதுகுக்குப் பின்னால் கூப்பிடுவது காதில் விழத்தான் செய்யும். மணி என்ன என்று கேட்டால், கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சுமார் பத்தேகால் இருக்கும் என்பேன். முள் பத்தேகாலில்தான் நிற்கும். ஆனாலும் அந்தச் சொல் முன்னால் வராமல் என் வாயிலிருந்து ஒரு எண்ணும் வெளியே வந்ததில்லை. முப்பத்தோரு வருஷம் ஆய்வாளர் வேலை. அளந்து எழுதுவதுதான் பிழைப்பு. எழுதியதற்கு நாளைக்கு எவனாவது வந்து கேள்வி கேட்டால் ஒதுங்கி நிற்க ஒரு நிழல் வேண்டாமா? இதைச் சாமர்த்தியம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். மடத்தனம் என்று எனக்கு உறைக்க, அக்காவுக்கு மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். அத்தான் போனபிறகு அவருடைய நார்க் களத்தை அவள்தான் நடத்துகிறாள். பதினாலு பெண்கள் வேலை செய்கிறார்கள். தேங்காய் மட்டையைத் தொட்டியில் ஊறப்போட்டு, கொட்டகைக்குள் இருக்கும் அடிக்கிற மெஷினில் கொடுக்க வேண்டும். ஒரு பக்கம் நார் வரும், நாலு பக்கமும் தூசி வரும். அங்கே ஐந்து நிமிஷம் நின்றால் புருவம் பழுப்பாகிவிடும். மெஷினில் மட்டை கொடுக்கிற வேலையை அக்கா வேறு யாரிடமும் விடமாட்டாள், யார் கையாவது மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று பயம். அதனால் எல்லாரையும்விட அவள்தான் அதிகம் இருமுவாள். போனில் பேசினால்கூட முதலில் இருமல்தான் வரும், பிறகுதான் என்னடா என்பாள்.

அப்போதுதான் வாரியம் மேம்பாட்டுத் திட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. வட்டாரத்துக்கு ஒரு களத்துக்குப் புது மெஷின் தருவார்கள். மேலே மூடி உண்டு, தூசியை உறிஞ்சி வெளியே தள்ளுகிற குழாயும் உண்டு. எங்கள் வட்டாரத்தில் மூன்று களங்கள் மனுப் போட்டிருந்தன. அதில் ஒன்று அக்காவுடையது. ஆய்வாளர் நாரை அளந்து எழுதுவதை வைத்துத்தான் தேர்வு.

நான் போகக்கூடாது, அது என் கூடப்பிறந்தவளின் களம் என்று கண்காணிப்பாளரிடம் சொன்னேன். வேறு ஆள் எங்கே இருக்கிறது, இன்னொரு ஆய்வாளர் இடம் காலியாகி இரண்டு வருஷம் ஆகிறது என்றார் அவர். கை சுத்தமான மனுஷன் நீங்கள், உங்களை யார் என்ன சொல்லப்போகிறார்கள் என்று முதுகில் தட்டினார். அந்தத் தட்டுதான் என்னைக் கெடுத்தது. அந்த நல்ல பேரைக் காப்பாற்றியாக வேண்டும் என்ற ஒரே நினைப்போடு களத்துக்குப் போனேன்.

அக்கா வாசலிலேயே நின்றுகொண்டு, "வாங்க ஆபீசர்" என்றாள். சுற்றி நின்ற பெண்கள் முகத்தில் கட்டிய துணிக்குள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. தண்ணீர் கொடுத்தாள், அதையும் குடிக்கவில்லை. பத்துக் கட்டுகளிலிருந்து பத்துப் பிடி நார் உருவி, பலகையில் நீவி வைத்து அளந்தேன். ஒன்பது பிடி எட்டேகால் அங்குலம். ஒன்று மட்டும் எட்டு. பழுப்பேறாமல், சக்கை ஒட்டாமல், இழுத்தால் விரலை அறுக்கிற நார். என் சர்வீஸில் அப்படிப்பட்ட நாரை நான் பார்த்ததே இல்லை.

எப்படிடா இருக்கு என்று அக்கா மெதுவாகக் கேட்டாள். பார்க்கலாம் என்றேன். அவள் முகம் கொஞ்சம் சுருங்கியது. உள்ளுக்குள் எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

வெளியே வந்து, ஸ்கூட்டர் சீட்டில் படிவத்தை வைத்து நிரப்பினேன். வேறு யார் களமாக இருந்தாலும் சுமார் எட்டேகால் என்று எழுதியிருப்பேன். அக்காவுக்காகக் கால் அங்குலம் கூட்டிவிட்டான் என்று ஒருத்தன் சொல்லிவிட்டால்? 'சுமார் எட்டு அங்குலம்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, உறையில் ஒட்டித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். மூக்குக் கண்ணாடி சட்டைப் பையிலேயே இருந்தது. எத்தனை வருஷமாக நிரப்புகிற படிவம், அதற்குப் போய்க் கண்ணாடி எதற்கு?

மூன்றாவது வாரம் பட்டியல் வந்தது. அக்காவின் களம் மூன்றில் மூன்றாவது. மேலிடத்துக் கணக்கு நமக்கு என்ன புரியும் என்று அவளுக்கு ஆறுதல் சொன்னேன். அதை நானே நம்பவும் செய்தேன்.

அவள் நம்பவில்லை. மனுப் போட்டு அறிக்கையின் நகலை வாங்கிவிட்டாள். ஒரு மத்தியானம் ஆபீசுக்கு வந்து, என் மேஜைமேல் அதை விரித்து வைத்தாள்.

"இது உன் கையெழுத்துதானே?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். அது பழைய படிவமே இல்லை; மற்ற இரண்டு களங்களுக்கும் முந்தின மாதமே நான் எழுதி அனுப்பியது பழைய படிவத்தில்தான். பழையதில் நீளத்துக்கென்று அகலமாக ஒரே கட்டம் இருக்கும். புதுப் படிவத்தில் அதை இரண்டாகப் பிரித்து, இடது பக்கம் 'தரம்', வலது பக்கம் 'நீளம்' என்று பொடி எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். நான் பழக்க தோஷத்தில் இரண்டு கட்டத்தையும் சேர்த்து ஒரே வரியாக எழுதியிருக்கிறேன். முதல் சொல் இடது கட்டத்தில் விழுந்திருந்தது, மற்றது வலது கட்டத்தில். தரம்: சுமார். நீளம்: எட்டு அங்குலம்.

எல்லாவற்றையும் அவளுக்கு விளக்கினேன். பாதி மென்று, பாதி விழுங்கித்தான் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அப்ப, நார் நல்லாத்தான் இருந்துச்சா?"

"நான் பாத்ததுலயே நல்ல நார் அதுதான்க்கா."

"அத எழுதியிருக்கலாமேடா."

அவ்வளவுதான் சொன்னாள். காகிதத்தை நாலாக மடித்துக்கொண்டு போய்விட்டாள். நன்றாகத் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

மறுப்புத் தெரிவிக்க இன்னும் ஒன்பது நாள் இருந்தது. கடிதம் எழுத உட்கார்ந்தேன். கண்காணிப்பாளர் பக்கத்தில் வந்து குனிந்து, ஓய்வு பெற எட்டு மாதம்தான் இருக்கிறது, சொந்த அக்கா விஷயம் வேறு, விசாரணை அது இது என்று இழுப்பார்கள், பார்த்து எழுதுங்கள் என்றார். பார்த்துத்தான் எழுதினேன். 'மேற்படி படிவத்தில் சிறு பிழை நேர்ந்திருக்கக்கூடும் என்று கருத இடமிருக்கிறது.' அதையே பெரிய தைரியம் என்று நினைத்து, அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

பதினோராம் நாள் பதில் வந்தது. 'பிழை நேர்ந்ததா, இல்லையா என்பதைத் திட்டவட்டமாகத் தெரிவிக்கவும்.' அதற்குள் கெடு தாண்டியிருந்தது. பிழை நேர்ந்தது, செய்தவன் நான் என்று இரண்டே வரியில் மறு கடிதம் போட்டேன். காலம் கடந்தது என்று எழுதிக் கோப்பில் கட்டிவிட்டார்கள். நான் பயந்த விசாரணையும் வரவில்லை. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

புது மெஷின் வேறொரு களத்துக்குப் போனது. அது சரியாக ஓடுகிறது என்று சான்று எழுதவும் நான்தான் போனேன். மூடியைச் சாத்தியதும் தூசி எல்லாம் குழாய் வழியாகப் போய்விட்டது. பெண்கள் முகத்தில் துணி கட்டாமல், பேசிக்கொண்டே வேலை செய்தார்கள். ஒருத்தியின் மூக்குத்தி வெளிச்சத்தில் மின்னியது. அக்கா களத்துப் பெண்களில் யார் மூக்குத்தி போட்டிருக்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பட்டியல் வந்ததுமே அக்கா களத்தில் இருந்து இரண்டு பெண்கள், இனி இந்தத் தூசியில் முடியாது என்று வேலையை விட்டு நின்றுகொண்டார்கள். அவர்கள் வேலையையும் அக்காவே இழுத்துப்போட்டுக்கொண்டாள். நான் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக மட்டும் என்னைக் கூப்பிடுவாள். நானும் அதற்காகவே போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

போன வாரம் பார்த்தது புது டாக்டர். சின்னப் பெண். முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, இப்படி மூச்சு வாங்குவது எவ்வளவு நாளாக என்று கேட்டாள். அக்காவால் பேச முடியவில்லை. என்னைக் காட்டித் தாடையை அசைத்தாள்.

அந்தச் சொல் பழையபடி நாக்கு நுனிக்கு வந்தது. விழுங்கினேன்.

"பதினாலு மாசம், ஆறு நாள்" என்றேன்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தாள். நாள் கணக்கெல்லாம் யாரும் சொல்வதில்லை போலிருக்கிறது. அக்காவும் பார்த்தாள். பட்டியல் வந்த நாள் அது என்று அவளுக்கும் தெரியும்.

ஆஸ்பத்திரிப் படியில் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். மூன்றாவது படியில் நின்று மூச்சு வாங்கினாள். கோபம் எதுவும் இல்லை, குடையை எங்கே வைத்தாய் என்று கேட்பது மாதிரிதான் கேட்டாள்.

"இவ்வளவு சரியாச் சொல்ல வருதே உனக்கு. அன்னைக்கு எங்கடா போச்சு?"

இன்னும் எட்டுப் படி இருந்தது. எண்ணிப் பார்த்தேன், சரியாக எட்டு.